எருது வந்து நிற்கும் இடம்

எருது விடும் திருநாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் தெருமுனையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். எந்த வீட்டு மாடு, அவிழ்த்துவிட்டது யார், கொம்பில் கட்டிய துண்டைப் பறிக்க எவனெவன் பாய்ந்தான், எவனுக்கு விலா எலும்பு போயிற்று, எல்லாம் வாய் ஓயாமல் வரும். அந்த மாடு கடைசியில் எங்கே போய் நின்றது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். ஓடுகிற மாடு எங்கேயாவது நின்றுதானே ஆகவேண்டும்? அதை யாரோ ஒருவன் பிடித்துத்தானே ஆகவேண்டும்? ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் இருக்கும் சோலைக்குப்பத்தில் அந்த யாரோ ஒருவனுக்குப் பெயர் எல்லப்பன்.

தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களுக்குப் பிறந்த பிள்ளை அவன். வீடு சேரியில். வேலை ஊர் மணியக்காரர் திருவேங்கடத்தின் மாட்டுக் கொட்டகையில். படி நெல் கூலிக்கு உழைக்கும் பரம்பரைப் படியாள். விடிவதற்கு முன்னால் பின்பக்கச் சந்து வழியாகக் கொட்டகைக்குள் போவான், இருட்டிய பிறகு அதே சந்து வழியாக வெளியே வருவான். ஊர்த்தெருவில் சேரி ஆள் நடக்கக் கூடாது. அவன் தொட்டுக் குளிப்பாட்டிய மாடு அந்தத் தெருவில் சாணி போடலாம், அவன் கால் படக் கூடாது. எந்த மகராசன் கண்டுபிடித்த நியாயமோ தெரியாது. எல்லப்பன் அதைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற காலமும் அதுவல்ல.

அவனுக்குக் கல்யாணம் ஆன வருஷம், கொட்டகையில் ஒரு பசு கன்று போட்ட கையோடு செத்துப்போயிற்று. கன்று தங்காது என்று மணியக்காரர் கைவிட்டுவிட்டார். எல்லப்பன் விடவில்லை. வேறு மாட்டின் பாலில் தண்ணீர் கலந்து மூங்கில் குழாயான கொட்டத்தில் ஊற்றி, கன்றின் கடைவாயில் சொருகிப் புகட்டினான். ராத்திரி அதன் பக்கத்திலேயே வைக்கோலில் படுத்தான். புதுப் பெண்டாட்டி பூங்காவனம் சேரியில் தனியாகக் கிடந்து பார்த்துவிட்டு, "என்னக் கட்டிக்கினு வந்தியா, அந்தக் கன்னுக்குட்டியக் கட்டிக்கினு வந்தியா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். அவன் சிரித்துக்கொண்டான். சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம் என்பதால் கன்றுக்கு மயிலை என்று பெயர் ஆயிற்று.

மயிலை வளர்ந்தது. சாயங்காலம் எல்லா மாடுகளையும் ஆற்றுக்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்டுவான். மணலில் ஊற்றுப் பறித்து வைத்துவிட்டு, மாந்தோப்புப் பக்கம் திரும்பி, "ஓ... ஹோய்!" என்று ஒரு குரல் கொடுப்பான். மற்ற மாடுகள் ஆடி அசைந்து வரும். மயிலை மட்டும் தோப்பைப் பிளந்துகொண்டு பறந்து வந்து, அவன் மார்புக்கு ஒரு முழம் முன்னால் மணலைக் கிளப்பிக்கொண்டு நிற்கும். அவன் உள்ளங்கையில் வெல்லம் கலந்த தவிட்டு உருண்டை இருக்கும். அதைத் தின்றுவிட்டு அவன் தோளில் மூக்கைத் துடைக்கும்.

அந்த ஓட்டத்தை மணியக்காரர் ஒருநாள் கரையில் நின்று பார்த்துவிட்டார். அந்தத் தையிலேயே மயிலை தெருவுக்கு வந்தது.

சோலைக்குப்பத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எருது விடுவார்கள். ஊர்த்தெருவின் மேற்கு முனையில் மாட்டை அவிழ்த்துவிட்டால், இரண்டு பக்கமும் ஜனம் நெருக்கி நிற்கும் தெருவில் ஓடி, மாந்தோப்பு வழியைக் கடந்து, ஆற்று மணலில் போய் இறங்க வேண்டும். கொம்பில் மஞ்சளில் நனைத்த புதுத் துண்டு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். இளவட்டங்கள் அதைப் பறிக்கப் பார்ப்பார்கள். துண்டோடு ஆற்றில் இறங்கிய மாட்டின் வீட்டுக்கு அந்த வருஷம் பூராவும் மரியாதை. எல்லப்பனின் வேலை, தெருமுனை வரைக்கும் சந்து வழியாக மாட்டைக் கொண்டுபோய்க் கயிற்றை ஊர் ஆள் கையில் கொடுத்துவிட்டு, வயல்வரப்பைச் சுற்றி ஓடி, மாடு வருவதற்குள் ஆற்று மணலில் போய் நிற்பது. பறையடிப்பவர்கள் முனையில் ஒதுங்கி நிற்பார்கள், அது அவர்களுக்கு வழக்கம். மற்ற சேரி ஆட்களுக்குத் தெருவில் இடம் கிடையாது.

ஆகையினால் மயிலை ஓடியதை எல்லப்பன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பறை முழங்கும். ஜனம் ஹோ என்று கத்தும். அந்தச் சத்தம் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து வரும். பிறகு தோப்பில் புழுதி கிளம்பும். புழுதிக்குள்ளிருந்து மயிலை வரும், கொம்பில் மஞ்சள் துண்டு பறக்க. இவன் "ஓ... ஹோய்!" என்பான். மாடு வந்து நிற்கும். அவ்வளவுதான் அவன் பார்த்த திருநாள். ஆனாலும் அந்த ஜனத்தின் சத்தம் நெருங்கி வரும்போது அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். நான் வளர்த்த மாடு என்று நெஞ்சு நிமிரும். அவனை ஒரேயடியாகச் சாதுவாக்கிக் காட்டினால் அது பொய். திருநாளை அவனும் விரும்பினான்.

மாடு நின்ற பிறகு என்ன பார்த்தான் என்பதுதான் வேறு கதை. முதல் வருஷம் மயிலையின் வாயில் சாராய நெடி அடித்தது. கண் இரண்டும் செக்கச்செவேலென்று வீங்கி, நீர் தாரை தாரையாக வழிந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான். மிளகாய். வால் நுனியில் பல் பதிந்திருந்தது. கயிற்றைக் கொடுத்துவிட்டு அவன் வயலைச் சுற்றி ஓடுகிற அந்த நேரத்துக்குள், மாடு வெறியோடு கிளம்பட்டும் என்று சாராயத்தைப் புகட்டி, கண்ணில் மிளகாய்த்தூளைத் தடவி, வாலைக் கடித்து விடுகிறார்கள். தண்ணீர் அள்ளி அள்ளிக் கழுவினான். கழுவக் கழுவ மாடு அவன் கையிலேயே முகத்தைத் தேய்த்தது. வாலுக்கு விளக்கெண்ணெய் போட்டான். துண்டை அவிழ்த்து மணியக்காரரின் ஆளிடம் கொடுத்தான்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. மயிலையின் துண்டை எவனாலும் பறிக்க முடியவில்லை. ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து, கலவையிலிருந்து எல்லாம் அதைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தையிலும் வாலில் ஒரு கணு முறிந்தது, கண்ணில் கொஞ்சம் பார்வை மங்கியது. ஐரோப்பாவில் பெரிய சண்டை மூளுவதற்குச் சற்று முந்தைய வருஷம், அதன் முன்னங்கால் முட்டி வீங்கிக்கொண்டது. மாசக்கணக்கில் பத்துப் போட்டும் வீக்கம் வற்றவில்லை. நடக்கும்போது தாங்கித் தாங்கி நடந்தது. இன்னொரு தடவை தெருவில் விட்டால் கால் போய்விடும் என்று எல்லப்பனுக்குத் தெரிந்தது. கால் போன மாட்டுக்கு என்ன கதி என்பதும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றோரம் தோல் பதனிடும் ஷாப்புகள் எதற்கு இருக்கின்றன?

பொங்கலுக்கு முன்னால் மணியக்காரர் கொட்டகைக்கு வந்தபோது, எல்லப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டி நின்று சொன்னான்.

"ஆண்டே, இந்த வருஷம் மயிலைய தெருவுல உடாதீங்க. முட்டி வீங்கியிருக்குது. அது தாங்காது."

"இன்னாடா பேசற? என் சம்பந்தி ஊரே வந்து நிக்கப்போவுது. மாட்டக் கட்டிப்போட்டுட்டு நான் மொகத்த எங்க வெச்சிக்கறது?"

"கண்ணும் சரியில்ல ஆண்டே. அந்த மொளகா..."

"டேய்." மணியக்காரர் குரல் தாழ்ந்தது. அவர் கெட்ட மனுஷர் அல்ல. மயிலைக்குப் பருத்திக்கொட்டையும் உளுந்தும் தாராளமாகப் போட்டவர்தான். "வழிவழியா ஊர்ல நடக்கறது. நீ சொல்லி நிறுத்தணுமா? மாடு ஓடும். நீ போய் மணல்ல நில்லு."

அன்றைக்குக் கூழ் இறங்கவில்லை அவனுக்கு. பூங்காவனம் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "அவங்க மொளகாயிக்கா அது ஓடுது? உன்னப் பாக்கத்தான் ஓடுது. நீ அங்க நிக்கலன்னா அது எங்க ஓடப்போவுது?" என்றாள். சும்மா ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. எல்லப்பன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். ஆமாம், நான் நிற்காவிட்டால் அது ஓடாது. தெருமுனையிலேயே முரண்டு பிடித்து நிற்கும். நாலு அடி விழும், ஊர் சிரிக்கும், மணியக்காரர் கத்துவார், மாட்டைத் திரும்பக் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். கால் தப்பித்துவிடும். மாட்டை வளர்த்தவன் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றாது. அன்பு வைத்தவனுக்குத்தான் இவ்வளவு பெரிய தப்புச் செய்யத் தெரியும்.

திருநாளன்று கயிற்றை ஊர் ஆள் கையில் கொடுத்தான். மயிலை அவனைத் திரும்பிப் பார்த்தது. வழக்கம்போல வயலைச் சுற்றிப் போனான், ஆனால் மணலுக்குப் போகவில்லை. ஆற்றோரம் கொஞ்சம் கீழே இருந்த தோல் ஷாப்புக்குள் நுழைந்துவிட்டான். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் சத்தார். சேரி ஆட்கள் பாதிப் பேர் அவரிடம் வேலை பார்த்தவர்கள், அவனுக்கும் பழக்கம். பொங்கல் என்பதால் ஷாப்பில் ஆள் இல்லை. சத்தாரும் இரண்டு காவல்காரர்களும்தான்.

"இன்னா எல்லப்பா, திருநாளும் அதுவுமா இங்க வந்து நிக்கற?"

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன் சாயபு. யாரு கேட்டாலும் நான் இல்லன்னுடுங்க."

சத்தார் அவன் முகத்தைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல், தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை குவித்திருந்த கொட்டகையைக் காட்டினார். எல்லப்பன் பட்டை மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தான்.

பறை முழங்கியது. ஒவ்வொரு மாடாக விடுகிறார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. மயிலை முரண்டு பிடிக்கிறது என்று நினைத்தான். கண்ணை மூடிக்கொண்டு, ஓடாதே, ஓடாதே என்று வாய்க்குள் சொன்னான். திடீரென்று ஊரே கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் வேறு எந்த மாட்டுக்கும் வராது. தெருவின் மறுமுனை வரைக்கும் அது நகர்ந்து வந்ததை உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான். மாடு ஓடிவிட்டது. மணலில் ஆள் இல்லை.

எழுந்து ஓடினான். ஷாப்பின் ஆற்றுப் பக்கத்து முற்றத்துக்கு வந்தபோது, மயிலை மணலில் இறங்கியிருந்தது. வழக்கமாக அவன் நிற்கும் இடத்துக்கு வந்து, அங்கே யாரும் இல்லாமல், தலையைத் தூக்கி மூக்கை விரித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு கண்ணும் மூடியிருந்தன. இந்த வருஷம் கிளம்ப மறுத்ததனால் மிளகாயை இன்னும் அதிகமாக அப்பியிருக்கிறார்கள். கொம்பில் துண்டு அப்படியே இருந்தது. மாடு நொண்டிக்கொண்டே மறுபடியும் ஓடத் தொடங்கியது, தண்ணீர்ப் பக்கமாக, எங்கே என்று தெரியாமல்.

அவன் வாய் தானாகத் திறந்தது.

"ஓ... ஹோய்!"

மயிலை சட்டென்று திரும்பியது. அந்தக் குரல் வந்த திசைக்கு, நூல் பிடித்த மாதிரி நேராகப் பாய்ந்து வந்தது. அப்போதுதான் எல்லப்பன் தன் காலடியைப் பார்த்தான். அவனுக்கும் மாட்டுக்கும் நடுவில் ஷாப்பின் சுண்ணாம்புக் குழிகள் வரிசையாகக் கிடந்தன. தரையோடு தரையாக, விளிம்பு வரைக்கும் வெள்ளைப் பால் நிரம்பி.

"வராத! நில்லு! மயில, நில்லுடா!" என்று அலறினான். மாட்டுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. அது அறிந்தது அந்தக் குரலை. அவன் கத்தக் கத்த இன்னும் வேகமாக, இன்னும் நேராக வந்தது. பக்கவாட்டில் ஓடி மாட்டைத் திருப்பப் பார்த்தான். அதற்குள் முன்னங்கால்கள் முதல் குழியில் இறங்கிவிட்டன.

சத்தாரும் காவல்காரர்களும் எல்லப்பனும் கயிறு போட்டு மாட்டைக் குழியிலிருந்து இழுத்துப் போட்டார்கள். எல்லப்பன் குழிக்குள்ளேயே இறங்கிவிட்டான், தோலில் மயிரை உரிக்கிற சுண்ணாம்பில் அவனுக்கு இடுப்பு வரைக்கும் வெந்தது. சத்தார் தண்ணீரைத் தானே சுமந்து சுமந்து ஊற்றினார். முன்னங்கால் இரண்டும் முறிந்திருந்தன. கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லப்பன் அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். மாடு அவன் கையை நக்கப் பார்த்தது. தவிட்டு உருண்டை அன்றைக்கு அவனிடம் இல்லை. பொழுது சாய்வதற்குள் மயிலை அடங்கிவிட்டது.

ஊர் அதற்குள் வந்து கூடியிருந்தது. மணியக்காரர் முன்னால் வந்து நின்றார். வெகுநேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏண்டா மணல்ல நிக்கல?" என்றார் கடைசியில்.

எல்லப்பன் கொம்பில் இருந்த மஞ்சள் துண்டை அவிழ்த்து, சுண்ணாம்பை உதறி, இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினான். "துண்டு பத்திரமா இருக்குது ஆண்டே."

மணியக்காரர் வாங்கவில்லை. "நீயே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். செத்த மாட்டின் தோல் சேரிக்கு என்பது வழக்கம். மயிலைக்கு அந்த வழக்கம் வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தது. மாந்தோப்பில் குழி வெட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டு, பறை அடித்துப் புதைத்தார்கள். உயிரோடு இருந்தபோது கண்ணில் மிளகாய், செத்த பிறகு கழுத்தில் சாமந்தி. ஊர் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. குழியை வெட்டியவன் எல்லப்பன்.

அதற்குப் பிறகு மணியக்காரரின் கொட்டகைக்கு அவன் போகவில்லை. அவரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. படியாளை அப்படி விட்டுவிடுவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமல்ல. அவன் முகத்தைப் பார்க்க அவருக்கும் தெம்பு இல்லை என்றுதான் நினைக்கவேண்டும். சத்தார் அவனை ஷாப்பில் சேர்த்துக்கொண்டார். எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டபோது, சுண்ணாம்புக் குழியில் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். சத்தாரிடம் இன்னொன்றும் கேட்டான். ஆற்றுப் பக்கம் குழிகளைச் சுற்றி வேலி வேண்டும். முதலாளி எதற்கு வீண் வேலை என்றாராம். சத்தார், "மாடு உழுந்த எடத்துல நாளைக்கி மனுஷன் உழுவான்" என்று சொல்லி, கருவேல முள்ளைக் கொண்டுவந்து கட்ட வைத்தார். சுண்ணாம்பு அரித்து அரித்து எல்லப்பனின் விரல் ரேகைகள் அழிந்துபோயின. பூங்காவனம் ராத்திரியில் அந்தக் கைக்கு எண்ணெய் தடவுவாள். அன்றைக்குத் தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பற்றி அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

மறுவருஷம் ஊரில் எருது விடவில்லை. அதற்கு அடுத்த தையில் விட்டார்கள். அன்று காலை எல்லப்பன் யாரும் கூப்பிடாமலேயே ஆற்று மணலில் போய் நின்றான். கையில் தவிட்டு உருண்டை, தோளில் அந்த மஞ்சள் துண்டு. வந்தது யார் வீட்டு மாடோ, அவனுக்குக் கவலையில்லை. எதிரே போய் நின்று, மெல்ல ஒதுங்கி, கையை நீட்டி, கழுத்துக் கயிற்றைப் பிடித்து நிறுத்தினான். ஒன்று மட்டும் செய்யவில்லை. கூப்பிடவில்லை. மயிலை விழுந்த நாளிலிருந்து அவன் எந்த மாட்டுக்கும் குரல் கொடுத்தது கிடையாது.

அதில்தான் சிக்கல் வந்தது. கண் தெரிகிற மாடு அவனைப் பார்த்து நிற்கும். மிளகாய் அப்பிய மாட்டைக் குரல் கொடுத்துத்தான் நிறுத்த முடியும். மிளகாயே இல்லாமல் செய்ய எல்லப்பன் ஒரு வழி கண்டான். அடுத்த மாட்டை விடலாம் என்பதற்கு அடையாளமாக அவன் மஞ்சள் துண்டைத் தூக்கிக் காட்டுவான், தோப்பு ஓரத்தில் நிற்கும் ஆள் அதைப் பார்த்துத் தெருவுக்குச் சொல்லுவான். முந்தின மாடு பிடிபட்டதா என்று தெரியாமல் அடுத்ததை விட்டால் ஆபத்து என்பதால் ஊர் அதற்கு ஒப்புக்கொண்டது. ஆனால் கண்ணில் மிளகாயோடு வந்த மாடு ஓடி ஓய்ந்து பிடிபட்டாலும் துண்டு மேலே போகாது. அந்த மாட்டுக்காரர் மணலுக்கு வந்து, தன் கையால் அதன் கண்ணைக் கழுவிவிட வேண்டும். கழுவிய பிறகுதான் துண்டு போகும். முதல் வருஷம் திட்டினார்கள். இரண்டாம் வருஷம் இரண்டு பேர் வந்து முனகிக்கொண்டே கழுவினார்கள். தன் மாட்டின் கண்ணைத் தன் கையால் கழுவிய மனுஷன் மறுவருஷம் மிளகாய் வைக்கவில்லை. பிறகு அது பழகிப்போயிற்று. சட்டம் இல்லை, சாசனம் இல்லை, ஒரு பழைய படியாளின் பிடிவாதம்தான். ஊர் அதைத் தன் பழைய வழக்கம் என்றே பேசத் தொடங்கியது.

வருஷங்கள் ஓடின. எல்லப்பனுக்குத் தலை வெளுத்தது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து முடிந்த சமயம், மணியக்காரர் தள்ளாமல் படுத்துவிட, அவர் மகன் கஜபதி திருநாளை முன்னின்று நடத்தினான். ராணிப்பேட்டைப் பள்ளியில் படித்தவன், பட்டணத்துக் கிராப்பு வைத்தவன். பழைய கதையெல்லாம் அவனுக்குக் கட்டுக்கதை. புதிதாக வாங்கிய கறுத்த காரி எருதை முதல் தடவையாக அன்றைக்கு விட்டான்.

எல்லப்பன் மணலில் நின்றான். சத்தம் தெருவில் நகர்ந்து வந்தது. தோப்பில் புழுதி கிளம்பியது. காரி எருது வெளியே வந்தது, தலையைத் தாழ்த்தி, வாயில் நுரை தள்ள, மிளகாய் அப்பிய இரண்டு கண்ணும் இறுக மூடி. அவன் குறுக்கே போனான். அதற்கு ஆள் தெரியவில்லை. அவனை உரசிக்கொண்டு போயிற்று, அவன் கீழே விழுந்தான். எழுந்து பார்த்தபோது எருது கரை ஓரமாகத் தோல் ஷாப்பு முள்வேலியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பழைய வேலி. அந்த வேகத்துக்கு அது நிற்காது. அந்தப் பக்கம் வெள்ளையாகக் குழிகள்.

எல்லப்பன் ஓடினான். மாட்டை நோக்கி அல்ல, அதற்கு எதிர்த்திசையில், ஆற்று நடுவுக்கு. எருதுக்கும் தனக்கும் நடுவில் மணலைத் தவிர எதுவும் இல்லை என்று ஒரு தடவை பார்த்தான். மறுபடியும் பார்த்தான். இத்தனை வருஷம் பூட்டி வைத்த குரல் வருமா என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"ஓ... ஹோய்!"

எருது தடுமாறியது. காதை விறைத்தது. அது அவன் வளர்த்த மாடு அல்ல, அந்தக் குரலை முன்பின் கேட்டதில்லை. ஆனாலும் அவ்வளவு இரைச்சலில் தன்னை அடிக்காத குரல் அது ஒன்றுதான். மறுபடி கூப்பிட்டான். எருது திரும்பி, வேகம் குறைந்து, நடையாகி, மூச்சு வாங்க அவன் முன்னால் வந்து நின்றது. அவன் கயிற்றைப் பிடித்தான். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். துண்டைத் தூக்கவில்லை.

தெருவில் பறை நின்றுபோயிற்று. ஆள் வந்து கேட்டான், திரும்பிப் போனான். கஜபதியே வந்தான், முகம் சிவக்க.

"இன்னா எல்லப்பா இது? ஒருத்தன் கைத்துண்டுக்கு ஊரே காத்துக்கினு நிக்கணுமா?"

"நிக்க வேணாம் நைனா. அடுத்த மாட்ட விடச் சொல்லு. நான் வீட்டுக்குப் போறேன்."

அந்த வார்த்தைக்கு இனி மாட்டைப் பிடிக்க மணலில் ஆள் இல்லை என்று அர்த்தம், கஜபதியோடு வந்தவர்களுக்கு அது தெரியும். ஒருவனும் நகரவில்லை. கஜபதிக்குக் கழுவ மனமில்லை, விட்டுப் போகவும் துணிவில்லை. மணலைக் காலால் தேய்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது தோப்பு வழியாக இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு மணியக்காரர் வருவதைப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர். அந்தக் குரல் வீட்டுக்குள் கேட்டிருக்கிறது. மணலில் ஒவ்வொரு அடியாக வைத்து வந்து, எல்லப்பனுக்கு எதிரில் நின்றார். மயிலையைப் புதைத்த பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்றதே இல்லை.

"கூப்ட்டியாடா?" என்றார்.

"கூப்ட்டேன் ஆண்டே." எல்லப்பன் எழுந்து நின்றான். "இந்த வாட்டி நடுவுல குழி இல்ல."

மணியக்காரர் தன்னைப் பிடித்திருந்தவர்களின் கையை விலக்கிவிட்டு எல்லப்பன் மணலில் பறித்திருந்த ஊற்றின் கரையில் மெல்லக் குந்தினார். எல்லப்பன் எருதின் தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டான். கிழவர் உள்ளங்கை நிறையத் தண்ணீர் அள்ளி அதன் கண்ணில் விட்டார். பாதி விரலிடுக்கில் ஒழுகிப்போயிற்று. மறுபடி அள்ளினார். கஜபதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் தண்ணீரை அள்ளினான்.

எருது கண்ணைத் திறக்க நேரம் பிடித்தது. திறந்து, எதிரில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. எல்லப்பன் அதன் வாயில் தவிட்டு உருண்டையை வைத்தான். அப்புறம் தோளில் இருந்த மஞ்சள் துண்டை எடுத்துத் தூக்கிக் காட்டினான்.